சுவருக்குள் ஒரு வெற்றுக் குழாய்

புதுவீடு கட்டுகிறவர்கள் எதையெதை எந்த வரிசையில் யோசிக்கிறார்கள் என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் வாசல் எந்தத் திசை என்ற கேள்வி. அடுத்து ஈசானிய மூலையில் என்ன வரலாம், அக்கினி மூலையில் என்ன வரலாம் என்ற விவாதம். பிறகு போர்வெல், கீழ்நிலைத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி. டைல்ஸ் கடைக்குக் குறைந்தது நான்கு நடை. மின்விசிறி எந்த இடத்தில் தொங்கவேண்டும் என்பதைக்கூடத் தளம் போடுமுன்பே சொல்லிவிடுகிறார்கள். தொலைபேசியும் இணையமும் இந்த வரிசையில் எங்குமே இடம் பெறுவதில்லை.

அவை குடிபுகுந்த பின்னரே வருகின்றன. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்வதற்குள், இணைப்புக் கொடுக்கும் இளைஞர் தோளில் கம்பிச்சுருளுடன் வந்து நிற்கிறார். எங்கே வைக்கலாம் என்று அவர் கேட்கிறார். உங்களுக்கு எது சௌகரியமோ அங்கே என்று வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொல்கிறார். அவருக்குச் சௌகரியமானது தெருக்கம்பத்திலிருந்து மிகக் குறைந்த தூரத்தில் இருக்கும் சுவர். ஆகவே பார்த்துப் பார்த்து இழைத்த தேக்குச் சன்னல் சட்டத்தில் ஒரு துளை விழுகிறது. கம்பி புதிய வண்ணப்பூச்சின்மேல் கிளிப்புகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டியில் போய் முடிகிறது. மொத்தம் அரைமணி நேர வேலை. அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து பேசலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்பது அந்த அரைமணியில் முடிவாகிவிடுகிறது.

சுவர் அழகு கெட்டுவிட்டதே என்ற புலம்பல் அல்ல இது. அழகு கெட்டால் திரைச்சீலை போட்டு மறைத்துக்கொள்ளலாம். வீட்டின் ஒரு முக்கியமான முடிவு, அந்த வீட்டில் வசிக்கப்போகிற எவரையும் கேட்காமல் எடுக்கப்படுகிறது என்பதே என் ஆட்சேபம்.

*

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882இலேயே தொடங்கிவிட்டன. ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்குப் பின்னும் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தொலைபேசி என்பது விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து பெறவேண்டிய ஒன்றாகவே இருந்தது. கூடுதல் முன்பணம் கட்டத் தயாராக இருந்தவர்களுக்கு ஓ.ஒய்.டி. என்று தனி வரிசை. கேட்டவுடன் தொலைபேசி என்பதை 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை ஓர் எதிர்கால இலக்காக அறிவிக்கவேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அந்நாளைய விசிட்டிங் கார்டுகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். எண் நம்முடையதல்ல, பக்கத்து வீட்டாருடையது. கூப்பிட்டால் அழைத்துத் தருவார்கள் என்று பொருள். இப்படிப்பட்ட காலத்தில் தொலைபேசி வீட்டுக்குள் நுழைவதே பெரிது. அதை எங்கே வைப்பது என்று கேட்கும் துணிவு யாருக்கு வரும்? இலாகா ஊழியர் வைத்த இடமே அதன் இடம்.

அந்த இடம் பெரும்பாலும் கூடம். முக்காலியின்மேல், பின்னல் வேலை செய்த துணி போர்த்தி, அருகில் எண்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்துடன் அது வீற்றிருந்தது. சுழற்றும் தட்டில் சின்னப் பூட்டுப் போட்ட வீடுகளும் உண்டு. சாவி குடும்பத் தலைவரிடம். புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெண் தன் தாயிடம் பேசும்போது மாமியார், மாமனார், மைத்துனர் யாவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் 'நல்லா இருக்கேம்மா' என்றுதான் சொல்ல முடிந்தது. உள்ளறையில் பேரலல் இணைப்பு ஒன்று வாங்கிய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். இங்கே பேசும்போது அங்கே ஒலிவாங்கியை ஓசைப்படாமல் எடுத்துவிடலாம். தொலைபேசி எங்கே இருந்தது என்பது யார் எதைச் சொல்லலாம் என்பதன் எல்லையாக இருந்தது. இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. திட்டமிடாத இடத்தில் வீட்டின் அதிகாரம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. பொதுமக்களுக்கான இணைய சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. இரண்டும் இரண்டு வார இடைவெளியில் வந்தவை. கைப்பேசி பரவியபோது கூடத்துத் தொலைபேசியின் ஆட்சி முடிந்தது என்று நாம் மகிழ்ந்தோம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு தவறான முடிவுக்கும் வந்து சேர்ந்தோம்: இனி எல்லாம் காற்றில் வரும், கம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று.

*

கம்பியில்லா இணைப்பு என்பது கடைசிச் சில மீட்டர்களுக்கு மட்டுமே கம்பியில்லாதது. தெருமுனைக் கோபுரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒளியிழையோ, இல்லையேல் அடுத்த ஒளியிழைமுனை வரை ஒரு நுண்ணலை இணைப்போ இருக்கிறது. வீட்டு ரௌட்டருக்குப் பின்னாலும் ஓர் ஒளியிழை இருக்கிறது. அந்த ரௌட்டரிலிருந்து புறப்படும் அலைக்கு நம் வீடுகள் உகந்தவை அல்ல. மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அறைந்த மெல்லிய அட்டைப் பலகைகள். நாம் கட்டுவதோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நெருக்கமாகக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி. தொலைவு போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அக்கம்பக்கத்து ரௌட்டர்களோடு மோதி நெரிசல்படுகிறது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டினால் களைத்துப்போகிறது. தெருப்பக்கத்துக் கூடத்தில் ரௌட்டர் இருந்தால், கொல்லைப்புற அறைக்குக் கிடைப்பது அதன் மிச்சம்மீதிதான்.

அந்தக் கொல்லைப்புற அறையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். பெரும்பாலும் வயதானவர்கள், அல்லது படிக்கும் பிள்ளைகள். சமையலறையை ஒட்டிய மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுப்பையும் அலுவலகத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கும் பெண்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த உண்மை எல்லோருக்கும் ஒரே நாளில் உறைத்தது. வகுப்பும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தன. ஒரு வீட்டில் நான்கு பேர் நான்கு திரைகளின்முன் உட்காரவேண்டியிருந்தது. அலை எட்டும் இடமோ கூடம் ஒன்றுதான். எங்கள் தெருவிலேயே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து தேர்வு எழுதிய மாணவர்களைப் பார்த்தோம். வேலை கூடத்துக்குப் போனவருக்கு, இரைச்சல் மற்றவர்களுக்கு என்று பங்கீடு நடந்தது. அந்தப் பங்கீட்டில் வீட்டுப் பெண்களுக்கு எது வந்தது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் பணமும் வேண்டும் என்று 1929இல் வெளிவந்த நூலில் வர்ஜீனியா வுல்ஃப் வாதிட்டார். இலக்கிய வாசகர்களுக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை. இன்று அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது: அந்த அறையின் கதவை மூடிய பிறகும் இணைப்பு அறுந்துபோகாதிருக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்தால்தான் அலை வரும் என்ற அறை, பழைய கூடத்தின் இன்னொரு மூலை மட்டுமே.

*

அப்படியானால் என்ன செய்வது? எல்லா அறைகளுக்கும் இன்றைய தேதியில் சிறந்த கம்பியை வாங்கிப் பதித்துவிடலாமா? இங்கேதான் பலர் திணறிப்போகிறார்கள். எந்தக் கம்பி என்பது தெரியாததால் எதையும் செய்யாமல் விடுகிறார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் கொள்கைப்படி 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது 'பிராட்பேண்ட்'. 2023இல் அந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது; நகரங்களில் மக்கள் வாங்கும் வேகமோ அதைப்போலப் பல மடங்கு. செம்புத் தொலைபேசிக் கம்பி போய் ஒளியிழை வந்துவிட்டது. ஐம்பதாண்டுகள் நிற்கவேண்டிய சுவருக்குள், பத்தாண்டுகளில் பழசாகும் பொருளைச் சிமெண்டு பூசிப் புதைப்பது அறிவுடைமை அல்ல.

ஆனால் கம்பி பழசாகும். கம்பி போகும் வழி பழசாவதில்லை. இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். புதைக்கவேண்டியது வெற்றுக் குழாயை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பிறப்பித்த ஆணை, 2016 டிசம்பர் 31க்குப் பின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் புதுக் கட்டடங்களில் அதிவேக இணைப்புக்கான உள்கட்டமைப்பு இருந்தாகவேண்டும் என்றது. அது வற்புறுத்தியது இன்ன கம்பி என்பதை அல்ல, கம்பி வந்துபோவதற்கான இடத்தை. நம் கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் இது புரியாத வித்தை அல்ல. மின்சாரத்துக்காகச் சுவரை வெட்டிப் பி.வி.சி. குழாய் பதிக்கிறார்களே, அதே வேலை இன்னொரு தடவை.

செய்யவேண்டியவை சிலவே. தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைய ஒரு குழாய், முடிந்தால் இரண்டு. ஒன்று தரைக்கடியில், மற்றொன்று மாடியிலிருந்து. மழைநீர் உள்ளே இறங்காதபடி வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருக்கவேண்டும். அவை வந்து சேர வீட்டின் நடுப்பகுதியில், பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ, காற்றோட்டமுள்ள ஒரு சிறு அலமாரி. அதற்குள் இரண்டு மூன்று மின் பிளக்குகள். அந்த அலமாரியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே ஒரு குழாய். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சங்கிலியாகக் கொண்டுபோனால், நடுவில் ஒன்று பழுதானாலும் மற்றதெல்லாம் படுத்துவிடும். குழாய் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். திருப்பங்களில் செங்கோணமாக மடக்காமல் அகலமாக வளைக்கவேண்டும். ஒளியிழையை ஒடுக்கி மடக்கினால் ஒளி வெளியே கசியும், இழையும் உடையும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், பின்னாளில் எந்தக் கம்பியையும் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

மின்கம்பி செல்லும் குழாயில் இதையும் சேர்த்துத் திணிக்க எலெக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், கூடாது. பாதுகாப்புக்கும் நல்லதல்ல, தகவல் கம்பியில் இரைச்சலும் ஏறும். இரண்டும் சற்று விலகியே ஓடவேண்டும். குறுக்கிட்டே ஆகவேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்கிட்டுப் பிரியட்டும். மாடி உள்ள வீட்டில் ஒவ்வொரு தளத்தின் கூரையிலும் நடுவாக ஒரு முனை விட்டுவைத்தால், அங்கே ஒரு வை-ஃபை கருவியைப் பொருத்தலாம்; ஈதர்நெட் கம்பி வழியாகவே அதற்கு மின்சாரமும் கொடுக்க முடியும். உடனே கம்பி இழுக்க விரும்புகிறவர்களுக்குக் கேட் 6 போதும். நூறு மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை அது தாங்கும். கடைசியாக, பூச்சு வேலைக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் படம் மாட்ட ஆணி அடிப்பது நம் வீடுகளின் நித்திய சோகம்.

இவை அனைத்துக்கும் ஆகும் செலவு, ஒரு குளியலறைக்குத் தேர்ந்தெடுக்கும் டைல்ஸை அடுத்த ரகத்துக்கு உயர்த்தினால் ஆகும் செலவைத் தாண்டாது. ஆனால் பூச்சு முடிந்த பிறகு செய்தால் சுவர் வெட்டுக் கூலி, தூசி, மறுபூச்சு, மறுவண்ணம் என்று பன்மடங்காகும். காலம்தான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது.

*

இதைவிடத் தீவிரமான இன்னொரு விஷயம் உண்டு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவைப்படவில்லை. தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியாகவே அதற்கு உயிர் வந்தது. ஊரே இருளில் மூழ்கினாலும் எடுத்துக் காதில் வைத்தால் அந்த ரீங்காரம் கேட்கும். ஒளியிழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. சுவரில் மாட்டிய ஓ.என்.டி. பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நம் வீட்டு மின்சாரம்தான் ஆதாரம். மின்சாரம் போன கணத்தில் இணையமும், அதன்மேல் ஓடும் 'லேண்ட்லைன்' என்று நாம் இன்னும் அழைக்கும் தொலைபேசியும் சேர்ந்தே மௌனமாகிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிகள் செயலிழந்து, நகரத்துக்குள்ளேயே ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாமல் போனது. 2016இல் வர்தா புயல், 2023இல் மிக்ஜாம் புயல். ஒவ்வொரு முறையும் மின்சாரம் போனது, அதைத் தொடர்ந்து தொடர்புகள் போயின. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியே வசிக்கும் முதியவர்களுக்காகக் கட்டப்படும் வீடுகள் நம்மிடையே பெருகிவருகின்றன. அந்த வீடுகளில் இணைப்பு அலமாரியின் பிளக்கை இன்வெர்ட்டர் வரிசையில் சேர்ப்பதும், அல்லது 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை வைப்பதும், பெட்டிகளைத் தரையை ஒட்டி வைக்காமல் வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்துவதும் ஆடம்பரமல்ல. தெருவே முடங்கினால் இதுவும் முடங்கலாம்தான். ஆனால் தெருவில் இணைப்பு இருந்தும் வீட்டுப் பெட்டியில் மின்சாரம் இல்லாததால் ஒரு முதியவர் பேச முடியாமல் போவதை நாம் தடுக்க முடியும். அப்பாவின் அறைக்குக் குளிர்சாதனம் வாங்கித் தரும் பிள்ளைகள் இதையும் யோசித்துச் செய்யலாம்.

அடுக்ககம் வாங்குகிறவர்களின் பாடு வேறு. அங்கே சுவர் அவர்கள் கையில் இல்லை. ஒரே ஒரு நிறுவனத்தின் கம்பிக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, குடியிருப்போர் அனைவரையும் அதற்கே கட்டிப்போடும் வளாகங்கள் உண்டு. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட பகுதி, கட்டடத்துக்குள் தொலைத்தொடர்புக்கான பொது வசதிகளைத் திட்ட நிலையிலேயே சேர்க்கச் சொல்கிறது. அவை மாதிரி விதிகள்; மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஏற்றால்தான் உயிர்பெறும். கட்டடங்களின் இணைப்பு வசதிக்கு நட்சத்திரத் தரமளிக்கும் ஒழுங்குமுறையை ட்ராய் 2024இல் வெளியிட்டது. நீச்சல்குளத்தின் அளவைக் கேட்டறிகிற நாம், இணைப்புக் கம்பிகளுக்குத் தனிப் பாதை இருக்கிறதா, எத்தனை நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தலாம் என்ற இரண்டு கேள்விகளையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டால், கட்டுநர்கள் விதிக்குக் காத்திராமல் திருந்துவார்கள்.

*

ஐந்தாம் தலைமுறை அலைவரிசை 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டது, இனி குழாய் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அலைவரிசையின் வேகம் கூடக்கூட, சுவரை ஊடுருவும் அதன் வலிமை பொதுவாகக் குறைந்தே வந்திருக்கிறது. எதிர்காலத்தில் இணைப்பு வானிலிருந்தே வந்தாலும், மொட்டைமாடிக் கருவியிலிருந்து கீழே அறைக்கு இறங்க ஒரு வழி வேண்டும். அப்போதும் அந்த வெற்றுக் குழாய் காத்திருக்கும்.

நண்பர்கள் சிலர் வைக்கும் இன்னோர் ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். எல்லா அறைகளுக்கும் இணையத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லதா, புத்தகம் படிக்க ஓர் இடமாவது மிஞ்சவேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அந்த இடத்தையும் திட்டமிட்டே அடைய முடியும். அலை எட்டாததால் ஓர் அறை அமைதியாக இருப்பது தற்செயல். அங்கே தள்ளப்பட்டவர் அந்த அமைதியைக் கேட்டுப் பெற்றவர் அல்லர். வழி இருந்தும், இங்கே வேண்டாம் என்று வீட்டார் கூடி முடிவெடுத்து முனையை மூடி வைப்பது வேறு. எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்பவர்களே எங்கே இருக்கக்கூடாது என்றும் முடிவு செய்ய முடியும்.

ஆகவே தளம் போடுவதற்கு முன்பு ஒரு மாலை, வரைபடத்தைத் தரையில் விரித்து வீட்டார் எல்லோரும் சுற்றி உட்காருங்கள். பாட்டி எங்கே உட்கார்ந்து பேரனுடன் பேசுவாள், மகள் எங்கே கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள், வீட்டிலிருந்து வேலை செய்பவர் எங்கே அமர்வார் என்று ஒவ்வொருவரையும் அவரவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் காலை அந்தத் தாளை எலெக்ட்ரீஷியன் கையில் கொடுத்துவிட்டால் போதும்.